கேசட்டை அறுப்பதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள்

போன கோடை விடுமுறையில் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். கையில் ஒரு சாவி ஸ்டாண்டு. பழைய வீடியோ கேம் கேசட்டுகள் நாலை ஒரு பலகையில் வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றின் அடியிலும் கொக்கி மாட்டியிருந்தது. எட்டாவது படிக்கும் மகள் செய்ததாம். நிஜமாகவே அழகாக இருந்தது. "அண்ணா, இதுக்குள்ள சின்னதா ஒரு லைட்டு வெச்சுக் குடுங்க" என்றார்.

வாங்கித் திருப்பினேன். ஒரு கேசட்டுக்குள்ளிருந்து லொடலொடவென்று சத்தம் வந்தது. கழற்றிப் பார்த்தால், போர்டிலிருந்து பிய்ந்துபோன காயின் பேட்டரி ஒன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. கொக்கிக்காக டிரில் போட்டபோது அதைப் பிடித்திருந்த தகடு விட்டிருக்கிறது. கொக்கி உள்ளே போகவேண்டும் என்று கேசட்டின் அடிவாயையும் அறுத்து அகலமாக்கியிருந்தாள் அந்தப் பெண். இன்னும் நாலு தடவை சாவியை மாட்டிக் கழற்றினால் பேட்டரி தரையில் விழுந்திருக்கும். அந்த அம்மாவின் இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருந்தது.

அன்றிலிருந்து எழுத நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் 28 வருடமாக டிவி, ரேடியோ, டிவி கேம் பழுது பார்த்து வருகிறேன். பரணில் கிடந்த கேசட்டை எடுத்துக் கடிகாரம், பேனா ஸ்டாண்டு, கீசெயின், இரவு விளக்கு என்று பிள்ளைகள் செய்வது எனக்குப் பிடித்த விஷயம். காயலான் கடைக்குப் போவதற்கு அது எவ்வளவோ மேல். செய்யுங்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேசட் என்று நாம் சொன்னாலும் உள்ளே டேப் கிடையாது. ஒரு சிறிய சர்க்யூட் போர்டு, அதில் விளையாட்டைப் பதித்து வைத்த சிப். இப்படிச் சிப்பைச் செருகி விளையாட்டை மாற்றும் முறை 1976இல் அமெரிக்காவில் ஃபேர்சைல்டு சேனல் எஃப் என்ற பெட்டியோடு வந்தது. அதை வடிவமைத்த குழுவை நடத்தியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். பர்மா பஜாரில் வாங்கியது, சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொடுத்தது என்று ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு கதை இருக்கும். அந்த நகல்களைத் திறந்தால் பல நேரம் சிப்பே கண்ணில் படாது. போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு, தார் விழுந்து காய்ந்த மாதிரி. அந்தப் பிசினுக்கு அடியில்தான் சிப் இருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 30 என்று 60 பின்கள், அதாவது பெட்டியின் உள்ளே போய்த் தொடும் சின்ன உலோகப் பட்டைகள்.

அந்த விளிம்பைக் கொஞ்சம் கவனியுங்கள். "கேசட் செத்துப்போச்சு, அதான் கிராஃப்டுக்கு எடுத்துட்டோம்" என்று என்னிடம் காட்டியவற்றில் பல சாகவே இல்லை. சின்ன வயதில் கேம் ஓடாவிட்டால் நாம் எல்லோரும் என்ன செய்தோம்? கேசட்டின் வாயில் உஃபென்று ஊதிவிட்டுத் திரும்பச் செருகினோம். ஓடியது. ஓடியதற்குக் காரணம், கழற்றி மாட்டியதில் பின் சரியாக உட்கார்ந்தது. ஊதியதால் உண்மையில் போய்ச் சேர்ந்தது எச்சில் ஈரம். காசிமேட்டு உப்புக் காற்றும் அதோடு சேர்ந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து அந்தப் பின்களை அழுத்தாமல் துடையுங்கள். பட்ஸ் கறுப்பாக வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை புதிது புதிதாக மாற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மரியோ ஓடுகிற கேசட்டை அறுத்துக் கடிகாரம் செய்ய எனக்கு மனசு வராது.

சரி, நிஜமாகவே செத்துவிட்டது என்றால் திறங்கள். நகல் கேசட்டுகள் சாதா ஸ்டார் ஸ்க்ரூவிலோ, ஓரத்தில் இருக்கும் கிளிப்பிலோதான் நிற்கும். அசல் நின்டெண்டோ கேசட்டுகள் பலவற்றுக்கு 3.8 மில்லிமீட்டர் தனி ஸ்க்ரூ டிரைவர் பிட் வேண்டும். பேனாவின் பின்புறத்தை உருக்கி ஸ்க்ரூ மேல் அழுத்தித் திருகும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், சூடான பிளாஸ்டிக் கையில் ஒட்டிவிடும். பிட் வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

முதலில் தேட வேண்டியது பேட்டரி. பல விளையாட்டுகள் ஒரே கேசட்டில் வரும் நகல்களில் பெரும்பாலும் இருக்காது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து விளையாடும் வசதி உள்ள பழைய அசல் கேசட்டுகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் 3 வோல்ட் லித்தியம் செல். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. அங்கே ஈரம் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, மைனஸ் பக்கத்தில் காரம் உண்டாகித் தசையை அரிக்க ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரம் போதும், பெரிய புண் ஆகிவிடும். "அது தீந்துபோன பேட்டரிதானே" என்று அந்த அம்மாவும் கேட்டார். மீட்டர் வைத்துக் காட்டினேன், இரண்டு வோல்ட்டுக்கு மேல் நின்றது. கேமைச் சேமிக்கப் போதாத மின்சாரம் குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்கப் போதும்.

விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுக்காமல், நேராக ஸ்டான்லி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். "பேட்டரி" என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசு மாதிரித் தெரியக்கூடும், காசு என்று நினைத்துக் காத்திருக்க இதில் நேரம் கிடையாது.

அடுத்தது போர்டு. 2006 ஜூலையில்தான் ஐரோப்பிய யூனியன் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு முந்திய கேசட் என்றால் பற்றவைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த சால்டர்தான், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். பச்சையாக, பளபளவென்று இருக்கிறதே என்று போர்டைத் துண்டு போட்டுக் கம்மலும் கீசெயினும் செய்கிறார்கள். கீசெயின் எங்கே போகும் என்று வீட்டில் குழந்தை இருக்கிறவர்களுக்குத் தெரியும், நேரே வாய்க்குத்தான். இந்த அளவு ஈயம் உடம்பில் இருந்தால் பரவாயில்லை என்று எந்த அளவையும் உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. அறுக்கும்போது பறக்கும் தூளில் கண்ணாடி இழையும் இருக்கலாம். அதனால் என் கடையில் போர்டை அறுத்துத் தரச் சொன்னால் முடியாது என்றுதான் சொல்வேன். கைவேலைக்கு வேண்டியது வெளி ஓடும் லேபிளும்தானே, அவற்றைச் சோப்புத் துணியால் துடைத்துத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பின்னில் மின்னும் தங்கத்தை ஆசிட் ஊற்றி எடுக்கிற வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

விளக்கு செய்கிறவர்களுக்கு ஒன்று. ஓட்டுக்குள் சீரோ வாட்ஸ் பல்பை வைத்து 230 வோல்ட் இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் சூட்டில் இளகும், ஒயர் உரசி வெளியே வரும். பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட், ஒரு வெள்ளை எல்இடி, அதோடு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இவ்வளவுதான். அந்தச் சாவி ஸ்டாண்டுக்கும் இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். நாலு ஓட்டிலும் போர்டு கிடையாது, உள்ளே காலி.

எடுத்த போர்டையும் பேட்டரியையும் என்ன செய்வது? குப்பைத் தொட்டியில் போட்டால் கடைசியில் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போகும். அங்கே தீப்பிடித்தால் புகை யார் வீட்டுக்குள் வரும் என்று வியாசர்பாடிக்காரர்களுக்கும் எருக்கஞ்சேரிக்காரர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் வீடியோ கேமும் இருக்கிறது, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் அது போகவேண்டும். ஒரு போர்டுக்காக நீங்கள் அலைய வேண்டாம். பேட்டரியின் இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டி, போர்டோடு ஒரு கவரில் போட்டு, கடைப் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டுப் போங்கள். மேஜைக்கு அடியில் அதற்கென்று ஒரு பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறேன். நிறைந்ததும் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.