முதல் லாரி வருவதற்கு முன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிராமப்புற உள்ளாட்சிக்கு டவுன்ஷிப் என்று பெயர். மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட ஒரு குழு, ரோடு செப்பனிடவும் பனி தள்ளவும் ஓரிரு ஆட்கள். பல ஊர்களில் மொத்த நிர்வாகமும் அவ்வளவுதான். இந்த ஊர்களுக்கு அடியில், பல இடங்களில் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், மார்செல்லஸ் என்கிற களிப்பாறை அடுக்கு கிடக்கிறது. கிணற்றை நேராக இறக்கி, அந்த அடுக்கை எட்டும்போது படுக்கைவாட்டில் திருப்பி, தண்ணீரையும் மணலையும் கடும் அழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரிசல் விடும். உள்ளே சிக்கியிருக்கும் இயற்கை எரிவாயு வெளியே வரும். அதை எடுக்கக் கம்பெனி வருமுன் டவுன்ஷிப் எப்படித் தயாராக வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

குத்தகை ஒப்பந்தம் நிலத்துக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையில். துளையிட அனுமதி கொடுப்பது மாநிலச் சுற்றுச்சூழல் துறை. டவுன்ஷிப்பின் கையில் மிஞ்சுவது ரோடு, நிலப் பயன்பாட்டு விதிகள், அவசர உதவி ஏற்பாடு. அதனால் அதன் முன்னேற்பாட்டில் பெரும்பகுதி, ஊர் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஆதாரத்தோடு பதிந்து வைப்பதுதான். அதைச் செய்யாமல் விட்டால், பிறகு எந்தச் சேதத்துக்கும் யாரையும் கைகாட்ட முடியாது.

ரோட்டில் இது பளிச்சென்று தெரியும். ஒரு கிணற்றுப் பாறையைப் பிளக்க சுமார் ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொள்வோம். குழாய் போடாமல் 20,000 லிட்டர் டேங்கர்களில் கொண்டுவந்தால் 750 லோடு. மணல், சிமென்ட், இரும்புக் குழாய்கள் தனிக் கணக்கு. ஒரே தளத்தில் ஆறேழு கிணறு இறக்குவதும் உண்டு.

எண்ணிக்கையை விட எடைதான் ரோட்டைக் கொல்கிறது. 1958 முதல் 1960 வரை இலினாய் மாநிலத்தின் ஓட்டவா அருகே சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களைக் கொண்டு லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த விதி: சேதம், அச்சின் மேல் விழும் எடையின் நான்காம் அடுக்கை ஒட்டிப் போகிறது. எடை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. காரின் ஓர் அச்சில் ஒரு டன், லாரியின் ஓர் அச்சில் எட்டு டன் என்றால் 4,096 மடங்கு. தோராய விதிதான், ஆனாலும் காரும் பால்வண்டியும் போக அமைத்த சரளை ரோடு ஏன் ஒரே பருவத்தில் சேறாகிறது என்பதை அது விளக்கிவிடுகிறது. அதுவும் குளிர்காலம் முடிந்து மண்ணுக்குள் உறைந்த பனி உருகும் வாரங்களில் அடித்தளமே நீரில் ஊறிக் கிடக்கும். அப்போது ஓடும் லாரி செய்கிற சேதம் இன்னும் அதிகம்.

ஆகவே டவுன்ஷிப் முதலில் ஒரு பொறியாளரைக் கொண்டு ரோட்டை ஆய்வு செய்து, பத்து டன் போல ஓர் எடை வரம்பு வைத்துப் பலகை நடுகிறது. அதற்கு மேல் ஏற்றிவர வேண்டுமானால் கம்பெனி பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு, பிணைத்தொகை கட்ட வேண்டும். தார் ரோட்டுக்கு மைலுக்கு 12,500 டாலர், மண் ரோட்டுக்கு 6,000 டாலர் என்பது மாநில விதி. ஒரு மைலை முழுதாகத் திரும்பப் போட இந்தத் தொகை போதவே போதாது. உண்மையான பாதுகாப்பு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது: கெடுப்பவரே சரிசெய்ய வேண்டும். எது புதுக் குழி, எது பழைய குழி என்ற சண்டை வராமலிருக்க, முதல் லாரி வருமுன் ரோடு முழுவதையும் வீடியோ எடுத்து வைக்கிறார்கள்.

தண்ணீர் விஷயம் இதைவிடச் சிக்கல். கிராமத்து வீடுகளுக்குச் சொந்தக் கிணறுதான் குடிநீர். எரிவாயுக் கிணற்றைச் சுற்றியுள்ள சிமென்ட் உறை சரியாகப் பிடிக்காவிட்டால், இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் அந்த இடுக்கில் ஏறி நிலத்தடி நீரில் கலக்கலாம். ஆனால் துளையிடுவதற்கு முன்பே தண்ணீரில் மீத்தேன் இருக்கும் பகுதிகளும் உண்டு. சஸ்குவெஹானா கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சால்ட் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் அது தானாகவே குமிழியிடுகிறது. சதுப்பில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனா, ஆழத்தில் வெப்பத்தால் உருவானதா என்பதைக் கார்பன்-13 என்கிற கனமான கார்பன் வகையின் விகிதமும் கூடவே ஈத்தேன் என்ற இன்னொரு வாயு இருக்கிறதா என்பதும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆழத்து வாயு இயற்கையாகவே மேலேறி வந்திருந்தால்? முன்பே எடுத்த மாதிரி ஒன்றுதான் துணை.

சட்டமும் இதைத் தெரிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. மாநிலத்தின் 2012-ஆம் ஆண்டு 13-ஆம் சட்டப்படி, இப்படிப் பாறையைப் பிளக்கும் எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால் கம்பெனிதான் காரணம் என்று கொள்ளப்படும். முன்பே கெட்டிருந்தது என்று காட்டினால் அது தப்பிக்கும். ஆகவே கம்பெனியே வீடு வீடாக வந்து மாதிரி எடுக்கும். என்னைக் கேட்டால், அதோடு நிற்காமல் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்திலும் பரிசோதிக்கும்படி மக்களிடம் சொல்வது டவுன்ஷிப் கூட்டத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

பழைய கிணறுகள் இன்னொரு தலைவலி. 1859-ல் டைட்டஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு தோண்டிய மாநிலம் இது. அதன் பின் தோண்டிக் கைவிட்டவை பல எந்த வரைபடத்திலும் இல்லை. 2012-ல் டியோகா கவுண்டியில், 1932-ல் தோண்டிய ஒரு பழைய கிணறு வழியாக மீத்தேனும் தண்ணீரும் ஏறத்தாழ 30 அடி உயரத்துக்குப் பீறிட்டன. பக்கத்தில் புதுக் கிணறுகளின் வேலை நடந்துகொண்டிருந்தது. எந்த வயலில் துருப்பிடித்த குழாய் நிற்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவைப்பது, செலவில்லாத வேலை.

எங்கே தோண்டலாம் என்று வரையறுக்கும் நிலப் பயன்பாட்டு அதிகாரத்தை அதே 13-ஆம் சட்டம் பறிக்கப் பார்த்தது. ராபின்சன் டவுன்ஷிப் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. அப்புறம் தீயணைப்பு. எரியும் கிணற்றை அணைப்பது சிறப்பு நிபுணர் குழுவின் வேலை. ஊர்த் தன்னார்வ வீரர்கள் செய்ய வேண்டியது ரோட்டை அடைப்பதும் ஆட்களை வெளியேற்றுவதும். அதற்கு இடம் தெரிய வேண்டுமே! 2012-ல் வந்த இன்னொரு சட்டம் ஒவ்வொரு தளத்துக்கும் முகவரியும் பலகையும் கட்டாயம் என்றது.

பணமும் வருகிறது. கிணறு ஒன்றுக்கு இவ்வளவு என்று கம்பெனி கட்டும் கட்டணத்தில், மாநில அமைப்புகளுக்கான பங்கு போக மீதியில் 60 சதவீதம் கிணறுகள் உள்ள கவுண்டிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரிகிறது. ஆனால் கிணற்றின் வயது ஏற ஏறத் தொகை இறங்கும். எரிவாயு விலை சரிந்தாலும் இறங்கும். அதை நம்பி நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த ஊர் பின்னால் வரியை உயர்த்த வேண்டிவரலாம். பாலம் கட்டவோ, பனி தள்ளும் வண்டி வாங்கவோ செலவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.