ஆர்கானிக் காபித்தூள், ஃபேர்டிரேடு முத்திரை: வறுப்பவன் பக்கத்திலிருந்து

காபித்தூள் வாங்க வருபவர்கள் முன்பெல்லாம் சிக்கரி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். இப்போது “ஆர்கானிக்தானே?” என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. என் பாக்கெட்டில் அந்தச் சொல் இருக்காது. திண்டுக்கல் மாவட்ட மலைப்பகுதியில் தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் வாங்கும் கொட்டைதான்; அவர்களில் சிலர் ரசாயன மருந்தைத் தொடுவதே இல்லை. ஆனாலும் நான் போட முடியாது.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, ஆர்கானிக் என்று சொல்லி விற்க என்.பி.ஓ.பி. (வெளி நிறுவனம் ஆய்வு செய்து தருவது) அல்லது பி.ஜி.எஸ். (விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்த்துத் தருவது) சான்று வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் விவசாயி, தன் விளைச்சலைத் தானே நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் விலக்கு உண்டு. அவரிடம் வாங்கி வறுத்து அரைத்து விற்கும் எனக்கு அந்த விலக்கு பொருந்தாது. தோட்டத்துக்கு என்.பி.ஓ.பி. சான்று இருந்தாலும், வறுக்கும் இடத்துக்கும் தனியாக எடுத்தால்தான் பாக்கெட்டில் முத்திரை போடலாம்.

இதில் கெடுபிடி அதிகம், நியாயமும் இருக்கிறது. சான்றுள்ள மூட்டை தனியாக அடுக்கப்பட வேண்டும். ஒரே மிஷினில் இரண்டு வகையும் ஓடினால் நடுவே சுத்தம் செய்து, அதைப் பதிவும் செய்ய வேண்டும். அரவை மிஷினின் பற்களுக்கிடையே முந்தைய தூள் எவ்வளவு தங்கும் என்பது அதைக் கழற்றித் துடைத்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் கணக்கு. 100 கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் 82 முதல் 85 கிலோதான் நிற்கும். 95 கிலோ விற்றதாகப் புத்தகம் சொன்னால், மீதி எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

நம் ஊர் டிகிரி காபிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கலவைப் பொருளை ஆர்கானிக் என்று விற்க, அதில் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். 80 பங்கு ஆர்கானிக் காபியோடு 20 பங்கு சாதாரண சிக்கரி சேர்த்தால் கதை முடிந்தது. சிக்கரிக்கும் சான்று தேட வேண்டும்.

தோட்டத்தில் நிலைமை இதைவிடக் கடினம். காபி பல்லாண்டுப் பயிர், அதனால் ரசாயனத்தை விட்டபின் சான்றுக்குக் காத்திருக்கும் மாறுதல் காலம் 36 மாதம். அதுவரை ரசாயனம் இல்லாமல் வளர்த்தாலும் பழத்துக்குச் சாதாரண விலைதான். அராபிகா வகைக் காபிச் செடியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. அதைச் சமாளிக்க, செடி செடியாகப் போய்த் தேங்காய் நார்க் கையுறையால் தண்டின் செதில் பட்டையைத் தேய்த்து எடுக்க வேண்டும். அது முட்டையிட இடுக்கு இருக்கக்கூடாது. தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுவதும், தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதும், நிழல் மரத்தைக் காப்பதும் கூடவே. எல்லாமே ஆள்கூலி. ஆர்கானிக் என்றால் எதுவும் தெளிக்காதது என்று நினைக்க வேண்டாம்: இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைக்குக் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. குழுவாகச் சேர்ந்து சான்று எடுத்தால் செலவு பங்காகும், ஆனால் ஒருவர் தவறினால் குழுவுக்கே தலைவலி.

இவ்வளவும் மண்ணையும் மருந்தையும் பற்றியது. பழம் பறித்தவருக்கு என்ன கூலி, விவசாயிக்கு என்ன விலை என்பதை ஆர்கானிக் சான்று சொல்லாது. அதற்குத்தான் விவசாயிக்கு நியாய விலையை உறுதிசெய்யும் ஃபேர்டிரேடு முத்திரை என்பார்கள். 1988-இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவலார் முத்திரையாகத் தொடங்கிய ஏற்பாடு அது. கழுவிய (தோல் நீக்கி நீரில் அலசி உலர்த்திய) அராபிகாவுக்கு 2023-இல் பவுண்டுக்கு 1.80 டாலர் அடிமட்ட விலை, அதாவது சந்தை விழுந்தாலும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலை, வைத்தார்கள். அதற்கு மேல் 20 சென்ட் கூட்டுறவின் பொதுச் செலவுக்கு. 2001-இல் சந்தை 50 சென்ட்டுக்கும் கீழே போனதைப் பார்த்தவர்களுக்கு அடிமட்ட விலையின் அருமை தெரியும். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் விலை 4 டாலரைத் தாண்டியபோது அதற்கு வேலையே இல்லை. அதோடு, ஃபேர்டிரேடு இன்டர்நேஷனல் காபியில் சிறு விவசாயிகளின் அமைப்புகளுக்கு மட்டுமே இதைத் தருகிறது. தேயிலையில் எஸ்டேட்டுக்கும் கிடைக்கும். காபி எஸ்டேட் எவ்வளவு நல்ல கூலி கொடுத்தாலும் கிடைக்காது. பெரிய கூட்டுறவோடு சேராத மலைக்கிராமத்து விவசாயிக்கும் இந்தக் கதவு திறப்பதில்லை.

அதனால் நான் முத்திரைக்காகக் காத்திருக்கவில்லை. சிவந்த பழத்தை மட்டும் பறித்தால் கூடுதல் விலை என்று பறிப்புக்கு முன்பே பேசிவிடுகிறேன், எடை போட்ட அன்றே பணம் கொடுக்கிறேன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டுக் கிடக்கும் விவசாயிக்கு, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்பதைவிட இந்த இரண்டும் பெரியது. பாக்கெட்டில் ஊர், பறித்த பருவம், சிக்கரி சதவீதம் போடுகிறேன். யாராவது கேட்டால் கொள்முதல் பில்லைக் காட்டுவேன். இது சான்றுக்கு மாற்று அல்ல. என்னை நம்பினால்தான் இதற்கு மதிப்பு.

நீங்கள் வேறு கடையில் ஆர்கானிக் தூள் வாங்குகிறீர்களா? சரி, ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். “இயற்கை”, “பாரம்பரிய”, “மலைத்தோட்ட” என்ற சொற்களைப் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். முத்திரை இருந்தால் சான்றிதழ் நகலைக் கேளுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, எந்தப் பொருள் எழுதியிருக்கிறது, எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். தோட்டக்காரர் பெயரில் பச்சைக் கொட்டைக்கு வாங்கிய சான்றைக் காட்டி, வேறொருவர் வறுத்த தூளை விற்பவர்களும் இருக்கிறார்கள்.