தலையில் அடிபட்டவருக்கு அரசு உதவி: எதை, எங்கே, எப்படிக் கேட்பது?

மூளைக்காயத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. தொழுநோயிலிருந்து குணமானவர், அமில வீச்சுக்கு ஆளானவர், பார்க்கின்சன் நோயாளி எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பைக்கிலிருந்து விழுந்து, ஆறு மாதம் கழித்தும் மனைவி பெயரை மாற்றிச் சொல்பவருக்கு அதில் தனியாக ஒரு வரி இல்லை.

அதற்காக உதவியே கிடைக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கை கால் ஒரு தலைப்பிலும், பேச்சு இன்னொரு தலைப்பிலும், குணமாற்றமும் மறதியும் வேறொரு தலைப்பிலும் வரும். குடும்பம்தான் பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டது கணக்கில் வராது. கண்ணுக்குத் தெரியாத பாதிப்புதான் இப்படி அதிகம் விட்டுப்போகிறது. இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கானது. மத்திய சட்டங்கள் மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

முதல் சில நாள்கள்

சாலை விபத்து என்றால் முதல் செலவுக்கு இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர், வருமானம் என்ன என்று எதுவும் பார்ப்பதில்லை. 81 வகைச் சிகிச்சை முறைகள், நபருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கியது. தொடங்கும்போதே 609 மருத்துவமனைகள் சேர்ந்திருந்தன, அவற்றில் பாதிக்கு மேல் தனியார். ஆகவே தனியார் மருத்துவமனை வாசலில் முன்பணம் கேட்டால், “நீங்கள் இன்னுயிர் காப்போம் பட்டியலில் இருக்கிறீர்களா?” என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்து என்றால், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, நபருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் உயிர் நிலைப்படுத்தும் முதல் சிகிச்சைக்கு மட்டும்தான் இது செல்லும்.

அதற்குப் பிறகான நாள்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இந்த அட்டைதான் துணை. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993.

இந்த நாள்களில் இன்னொரு வேலையும் உண்டு, யாருக்கும் அப்போது அதில் மனம் போகாது. ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகல், எஃப்.ஐ.ஆர்., சி.டி. ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். எத்தனை நாள் நினைவில்லாமல் இருந்தார் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் வரும் சதவீதமும் இழப்பீடும் இந்தத் தாள்களை வைத்துத்தான் பேசும்.

சான்றிதழில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்

மற்ற உதவிகள் பெரும்பாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழை வைத்தே நடக்கின்றன. சான்றிதழும் யு.டி.ஐ.டி. எனும் தேசிய அடையாள அட்டையும் இப்போது ஒரே இணைய விண்ணப்பத்தில் வந்துவிடும். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம், இ-சேவை மையத்திலும் பதியலாம். அப்புறம் அரசு மருத்துவமனையிலோ, கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் முகாமிலோ மருத்துவர்கள் பார்த்துச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டையில் இருக்கும்.

முகாமில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு பக்கக் கை கால் விழுந்துவிட்டவர் உள்ளே போகிறார். எலும்பு மருத்துவர் பார்த்து ‘கை கால் இயக்கக் குறைபாடு, 60 சதவீதம்’ என்று எழுதுகிறார். குடும்பம் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறது. அவருக்குப் பேச்சும் போயிருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நரம்பு மண்டலக் காரணத்தால் வந்த நிரந்தரப் பேச்சிழப்பு, சட்டத்தின் அட்டவணையிலேயே பேச்சு மற்றும் மொழிக் குறைபாடாகத் தெளிவாக இருக்கிறது. மூளையில் அடிபட்டதால் பார்வை குறைந்திருந்தால் அதுவும் தனியாக எண்ணப்படும். அடங்காத கோபம், சந்தேகம், தானாக எதையும் செய்யத் தொடங்காமல் உட்கார்ந்தே இருப்பது போன்றவற்றை மனநல மருத்துவர் மதிப்பிட வேண்டும். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும் வைத்து மதிப்பெண் போட அவர்களிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது.

இரண்டு குறைபாடுகள் சேரும்போது சதவீதங்களை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரியதை வைத்துக்கொண்டு, 90-இலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தைச் சிறியதால் பெருக்கி 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரியதோடு சேர்ப்பார்கள். மேலே சொன்னவருக்குக் கை கால் 60, பேச்சு 45 என்று வைத்துக்கொள்வோம். 90-இல் 60 போனால் 30. முப்பதை 45-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 15. ஆக மொத்தம் 75. பேச்சைச் சொல்லாமல் வந்திருந்தால் 60-தான். இந்தப் பதினைந்து ஏன் முக்கியம் என்பது அடுத்து வரும் உதவித்தொகையில் தெரியும்.

ஆகவே முகாமுக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “ஞாபக மறதி” என்று மட்டும் எழுதினால் போதாது. அடுப்பை அணைக்க மறக்கிறார், தெருமுனைக் கடைக்குப் போனால் திரும்பி வர வழி தெரிவதில்லை, சில்லறை எண்ணத் தெரியவில்லை என்று நடப்பதை எழுதுங்கள். மருத்துவர் முன்னால் ஐந்து நிமிடம் நன்றாகச் சிரித்துப் பேசிவிடுவார்கள், “எல்லாம் நல்லாத்தானே இருக்கார்” என்று ஆகிவிடும். முடிந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்சிலோ நரம்பு உளவியல் சோதனை (நினைவு, கவனம், சிந்தனை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது) செய்து அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூளைக்காயத்தில் முதல் ஆண்டு நிறைய மாற்றம் வரும் என்பதால் தற்காலிகச் சான்றிதழ் தருவதுண்டு. அதில் முடியும் தேதி இருக்கும், அதற்கு முன்பே மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டும். போட்ட சதவீதம் சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி உண்டு.

மாதாமாதம் வருவது

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500-இலிருந்து 2,000 ரூபாயானது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் பிரிவில் வாங்க 75 சதவீதமும் அதற்கு மேலும் வேண்டும். மேலே போட்ட கணக்கு இதற்காகத்தான். அது கிடைக்காதவர்கள் வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்குப் போடலாம், 40 சதவீதத்திலிருந்து கேட்க முடியும். அதே ஜனவரியில் அது 1,500 ரூபாயாக உயர்ந்தது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. படுக்கையிலேயே இருப்பவர்போல முழுநேரத் துணை வேண்டியவர்களின் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் இருக்கிறது. பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதையும் கேட்டுவிடுங்கள். துறையின் இலவச எண் 1800 425 0111.

பயிற்சிக்கு எங்கே போவது? சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் அரசுடையது அல்ல, ஆனால் இந்தத் துறையில் பழம்பெயர். தமிழக அரசு ‘விழுதுகள்’ என்ற பெயரில் தொடங்கியுள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்களில் இயன்முறை, பேச்சுப் பயிற்சி, செயல்வழிப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையில் கிடைக்கும். வீட்டை விட்டு நகர முடியாதவருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

இழப்பீடு: சதவீதம் வேறு, பிழைப்பு வேறு

வாகன விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு நிதியிலிருந்து கிடைக்கும். யார் தவறு என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம் வாங்கும் வழியும் உண்டு. ஆனால் பெரிய மூளைக்காயத்துக்கு இந்தத் தொகைகள் மருந்துச் செலவுக்குக்கூடக் காணாது. அவசரப்பட்டு அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருத்துவச் சதவீதமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல. இடது கை போனவருக்கு மருத்துவர் 60 சதவீதம் போடலாம். அவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் பிழைப்பு முழுவதுமே போயிற்று. தலைக்காயத்துக்கு இது இன்னும் பொருந்தும். கை கால் எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு கணக்காளருக்குக் கூட்டல் வராமல் போனால், சான்றிதழில் என்ன எண் இருந்தாலும் வேலை போனது போனதுதான். அதை முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, நரம்பு உளவியல் அறிக்கை கொண்டு காட்ட வேண்டும்.

பார்த்துக்கொள்பவரின் உழைப்பையும் கேட்கலாம். 12 வயதில் விபத்தில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்து, 18 ஆண்டுக்குப் பெருக்கி, அதற்கு மட்டும் 21.60 லட்சம் தந்தது. மொத்த இழப்பீடு 62.27 லட்சம். வீட்டில் அம்மாவோ மனைவியோ பார்த்துக்கொள்வதால் அது இலவசம் என்று ஆகிவிடாது என்பதை உங்கள் வழக்கறிஞர் மனுவிலேயே எழுத வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை அமர்த்தித் தரும். மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகளுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. எண் 15100.

பாஸ்புக்கையும் ஒருமுறை புரட்டுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு. நிரந்தர முழு முடக்கத்துக்கு 2 லட்சம், பகுதி முடக்கத்துக்கு ஒரு லட்சம். ஆனால் அங்கே முடக்கம் என்றால் கண், கை, கால் இழப்பு மட்டும்தான். நினைவை இழந்தவருக்கு அதில் ஒன்றுமில்லை என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கு வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் பணிவிபத்தாகக் கருதப்படலாம், வேலையோடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட முடியாதவரின் பணம்

கணவர் கோமாவில் இருக்கிறார், கணக்கு அவர் பெயரில், ஏ.டி.எம். எண் யாருக்கும் தெரியாது. வங்கி மேலாளரைத் திட்டிப் பயனில்லை, அவர் கையிலும் வழி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வரம்புக்குட்பட்ட காப்பாளர் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது காப்பாளரும் பாதிக்கப்பட்டவரும் சேர்ந்து முடிவெடுப்பதற்கானது, ஓரளவு புரிந்து பதில் சொல்பவருக்குப் பொருந்தும். சுயநினைவே இல்லாதவருக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். 2024-இல் இப்படி ஒரு பெண், கோமாவில் இருக்கும் கணவரின் சொத்தை விற்று மருத்துவச் செலவைப் பார்க்க அனுமதி கேட்டார். தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி ஆகியோரின் அமர்வு அதை மாற்றி, மனைவியையே காப்பாளராக நியமித்தது. 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்க அனுமதித்தது.

வேலையைப் பற்றி ஒன்று. அடிபட்டவர் அரசு ஊழியர் என்றால், பணிக்காலத்தில் குறைபாடு வந்ததற்காக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அப்படி ஒரு இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள், பென்ஷனாவது வரும்” என்று அலுவலகத்தில் யாராவது அன்பாகச் சொன்னால், இந்தப் பிரிவைக் காட்டி எழுத்தில் வேலை கேளுங்கள். தனியார் வேலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.