வாய்க்கால் கரை ரோடு இல்லைங்க

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை இருக்கும். பந்தல் சாமானும் நூறு நாற்காலியும் ஏற்றிய ஒரு குட்டியானை, எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. டிரைவர் பையன் கதவைத் தட்டி, "அண்ணே, மேப்புல ரோடு காட்டுச்சு" என்கிறான். முகூர்த்தம் காலை ஆறு மணிக்காம். டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துவிட்டு வந்து படுக்கும்போது மணி இரண்டு. இந்த வருஷத்தில் இது ஐந்தாவது வண்டி.

நான் தனியார் சர்வேயர். டெல்டாவில் இருபது வருஷமாக நிலம் அளக்கிறேன். அந்தக் கரையில் சைக்கிள் போகும். மனத்துணிவு இருந்தால் பைக் போகும். எல்லோர் போனிலும் இருக்கிற அந்த ஆப்பில் மட்டும் அது ரோடு. தப்பு என்று நான்கு முறை எழுதிப் போட்டேன். நன்றி சொல்லி நான்கு பதில் வந்தது. ரோடு அங்கேயேதான் இருக்கிறது.

மறுநாள் டீக்கடையில் பேச்சு: "சாட்டிலைட்டே தப்பா காட்டுனா நாம என்ன சார் பண்றது?"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாட்டிலைட் எதையும் காட்டுவதில்லை ஐயா! ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்குக் கண்ணே கிடையாது. இப்போது மணி என்ன, தான் எங்கே இருக்கிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. அதைக் கேட்டு, நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்குப் போடுவது உங்கள் போன். உங்கள் ஊர் என்று ஒன்று இருப்பதே அந்தச் செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

படம் எடுக்கிற செயற்கைக்கோள் வேறு. அது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அதன் படத்தில் வாய்க்கால் கரையும் மண் ரோடும் ஒரே பழுப்புக் கோடு. தென்னந்தோப்புக்குள் போகிற பாதை தெரியவே தெரியாது. மதகு இடிந்து கிடப்பது தெரியாது. கீழத்தெருவுக்குக் கீழத்தெரு என்று பெயர் இருப்பது எந்தப் படத்தில் தெரியும்? அந்தப் படத்தைப் பார்த்து இது ரோடு என்று கோடு இழுத்தது, எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளோ ஒரு புரோகிராமோ. ஊருக்குள் காலே வைத்திருக்காது. அதுதான் கோளாறு.

ஊருக்குள் கால் வைத்தவர்களும் எழுதித் திருத்தக்கூடிய வரைபடம் ஒன்று உண்டு. பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியாவில் நீங்கள் நகர்த்திப் பெரிதாக்கிப் பார்க்கும் வரைபடமும் இதன் தரவில்தான் ஓடுகிறது. மறைக்க என்ன இருக்கிறது, அதிலும் எங்கள் கரை ரோடாகத்தான் இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் அதில் என்னால் கை வைக்க முடிந்தது. முதல் வண்டி சிக்கிய ராத்திரியே உட்கார்ந்து, ரோட்டை நடைபாதையாக மாற்றினேன். மதகின் அகலம் ஒன்றரை மீட்டர் என்று சேர்த்தேன். பத்து நிமிஷ வேலை.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் எப்படி நம்புவது என்கிறீர்களா? யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது முழுக்கப் பதிவாகிறது. விஷமம் என்றால் பழையபடி திருப்பிவிடலாம். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் படங்களைப் பார்த்துச் சில நாளில் தலைநகரத்தையே வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் பல அதை வைத்துத் தெருக்களைத் தேடின. 2015 சென்னை வெள்ளத்திலும் தண்ணீர் நிற்கிற தெருக்களை மக்களே குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான்.

சரி, என்ன செய்யவேண்டும்? இந்த வரைபடத்தில் ஓடுகிற ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வைஃபை இருக்கும்போதே தமிழ்நாட்டை மொத்தமாக இறக்கிவையுங்கள். அப்புறம் டவர் இல்லாத படுகையிலும் வழி காட்டும். வரைபடத்தை அவ்வப்போது புதுப்பியுங்கள். புதுப்பிக்காமல் நேற்றுத் திருத்தியது வரவில்லை என்று எனக்கு போன் போடாதீர்கள். பழைய ஆப்பை அழிக்கவும் சொல்லவில்லை. கத்திப்பாராவில் மாலை ஆறு மணி நெரிசலைத் திறந்த வரைபடம் சொல்லாது, கதவு எண்களும் நம் ஊர்களுக்குக் குறைவு. ஆனால் தெரியாத கிராமத்துக்குள் இருட்டில் திரும்புகிறீர்கள் என்றால் இரண்டையும் பாருங்கள். கனமான வண்டி என்றால் இறங்கி ஒரு ஆளைக் கேளுங்கள். வாய் எதற்கு இருக்கிறது?

திருத்துகிறவர்களுக்கு: வேறு ஆப்பைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். அது உரிமைச் சிக்கல், கண்டுபிடித்தால் அழித்துவிடுவார்கள். தெருவுக்கு உங்கள் பெயரை வைக்காதீர்கள் (பார்த்திருக்கிறேன், இருவர்). ஊர்ப்பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்ற ஆப் போதும். நிற்கிற இடத்தில் இந்த ரோடு தாரா மண்ணா, விளக்கு உண்டா என்று அதுவே கேட்கும். பிளஸ் டூ பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி ஊரை முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, தொழில்காரனாகக் கெஞ்சிக் கேட்கிறேன். எந்த வரைபடமாக இருந்தாலும் போனில் தெரிகிற நீலப் புள்ளியை வைத்து வரப்புத் தகராறுக்குப் போகாதீர்கள். திறந்த வெளியிலேயே அது நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கும். போன மாசம் ஒருவர் போனை நீட்டி, பங்காளி வீட்டுக் கொட்டகையே தன் நிலத்தில் இருப்பதாகச் சொன்னார். அரசு சர்வே வரைபடமான புலப்படத்தை வைத்து அளந்தால், அவர் வைக்கோல்போர்தான் பங்காளி நிலத்தில் இருந்தது.

ஐந்தாவதாக வந்த டிரைவர் பையனுக்கு ஆர்கானிக் மேப்ஸ் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினேன். மற்ற வண்டிகளுக்காக, வாய்க்கால் முனையில் பனந்தடி ஒன்றைக் குறுக்கே போட்டிருக்கிறோம்.