காரச்சாந்து: ஜியோபாலிமர் மார்ட்டருக்கு ஒரு தமிழ்ச்சொல்

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் என்றால் யாருக்கும் அடுப்பு நினைவுக்கு வராது. அனல்மின் நிலையம்தான் வரும். கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் அந்தச் சாம்பல் படிந்து கிடப்பதை வடசென்னை நன்றாக அறியும். அதே நிலக்கரிச் சாம்பலோடு, இரும்பாலை ஊதுலையில் இரும்பை உருக்கிப் பிரிக்கும்போது மிஞ்சும் கசடையும் சேர்த்து, சிமெண்டே இல்லாமல் செங்கல் கட்டவும் சுவர் பூசவும் ஒரு சாந்து செய்ய முடியும். ஜியோபாலிமர் மார்ட்டர் என்பது அதன் ஆங்கிலப் பெயர்.

ஜியோ என்றால் நிலம், பாலி என்றால் பல, மெரோஸ் என்றால் பகுதி, மூன்றும் கிரேக்கம். இவற்றைக் கோத்து இச்சொல்லை உருவாக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ். காலம் 1970களின் இறுதி. இதே வகைப் பிணைப்பை 1950களிலேயே கீவ் நகரில் ஆராய்ந்த விக்டர் குளுக்கோவ்ஸ்கி அதற்கு மண் சிலிகேட் என்று பெயரிட்டிருந்தார். மார்ட்டர் இலத்தீன் வழி வந்தது. முதலில் உரலைக் குறித்து, பிறகு அதில் இடித்துக் கலந்த பொருளுக்கும் ஆகிவந்தது.

மார்ட்டருக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. சாந்து, காரை, சுதை எல்லாம் நம்மிடம் உண்டு. கொத்தனார்கள் கலவை என்பார்கள், ஆனால் அது எதற்கும் பொருந்தும். காரை என்பது சுவரில் காய்ந்த பிறகும் நிற்கும் பெயர். அதனால்தான் ‘காரை பெயர்ந்துவிட்டது’ என்கிறோம். குழைந்த நிலைக்குச் சாந்துதான் பொருத்தம்.

சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. பாலிமரைப் பலபடி என்றும் பல்லுறுப்பி என்றும் எழுதுகிறார்கள், இலங்கையில் பல்பகுதியம். ‘புவிப்பலபடிச் சாந்து’ என்றால் சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் கரணை பிடிப்பவருக்கு அது எதையும் உணர்த்தாது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி இறுகுகிறது. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இங்கே சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிகேட் ஆகிய காரக் (அல்கலி) கரைசல்கள் சாம்பலிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைக்கின்றன. கரைந்தவை மறுபடி ஒன்றோடொன்று கோத்து வலையாக இறுகுகின்றன. வேலையைச் செய்வது காரம். ஆகவே காரச்சாந்து என்பதே என் பரிந்துரை. தோலை அரித்துவிடும் கரைசல் இது, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சித்தாள்களை எண்ணினால் இது சின்ன விஷயமல்ல.

பண்புகளுக்கு வருவோம். சுண்ணச்சத்து குறைந்த சாம்பலை மட்டும் கொண்டு செய்த சாந்து சாதாரண வெப்பத்தில் மெல்லத்தான் இறுகும். 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால் வலிமையின் பெரும்பகுதி வந்துவிடும். கட்டடத்தில் சுவரைச் சூடாக்க முடியாதே! அங்கேதான் கசடு கைகொடுக்கிறது. அதைச் சேர்த்தால் வெயில் நிழல் பாராமல் இறுகும், ஆனால் பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும் அபாயமும், சுருங்குவதால் விழும் வெடிப்பும் கூடவே வரும். சிலிகேட்டின் பிசுபிசுப்பால் கரணையில் ஒட்டும். இளக்கத் தண்ணீர் ஊற்றினால் வலிமை குறையும். காரம் மிஞ்சினால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அமிலத்தையும் தீயையும் சிமெண்ட் சாந்தைவிட நன்றாகத் தாங்குவதால், கழிவுநீர்த் தொட்டி, ஆலைத் தரை போன்ற இடங்களில் இதை முதலில் முயன்று பார்க்கலாம்.

சிமெண்டுக்குச் செய்வதுபோல் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரியில் சுட வேண்டியதில்லை என்பது பெரிய ஆதாயம். இருந்தாலும் காரக் கரைசல்களைத் தயாரிக்க மின்சாரமும் எரிபொருளும் செலவாகின்றன. அதைக் கணக்கில் சேர்க்காமல் பசுமை என்று முத்திரை குத்துவது நேர்மையல்ல.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு ஏற்றது புகைபோக்கிக்கு முன் மின்வடிப்பான்களில் பிடிக்கப்படும் நுண்ணிய உலர்சாம்பல். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தில் இருப்பதோ நீரில் கரைத்து விடப்பட்டது, உலையடிச் சாம்பலும் கலந்து பருமனானது. அதை உலர்த்தி, அரைத்து, சோதித்த பிறகே காரச்சாந்துக்கு எடுக்கலாம்.