குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு போட்டி வந்தது. யார் அதிகமாக எடையைக் குறைக்கிறாரோ அவருக்குப் பரிசு. 2009-ல் அதில் கலந்துகொண்டவர்களில் 14 பேரை அப்போது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கெவின் ஹாலும் அவரது குழுவும் ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி அழைத்து அளந்தார்கள். போட்டி தொடங்கியபோது இவர்களின் சராசரி எடை 149 கிலோ. 30 வாரங்களில் ஆளுக்குச் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்ப ஏறிவிட்டது.

இதைப் படித்தால் 'வாயைக் கட்ட முடியவில்லை' என்று சொல்லத் தோன்றும். 2016-ல் வெளியான அந்த ஆய்வு வேறு கதையைச் சொல்கிறது.

நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, உடல் சூட்டைக் காக்க ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரி என்று செலவாகிக்கொண்டே இருக்கும். இவர்களுக்கு அந்தச் செலவு போட்டிக்கு முன் 2,607 கலோரி. போட்டி முடிந்ததும் 1,996. உடல் சிறுத்தால் செலவு குறைவது இயல்புதான். ஆனால் எடை திரும்ப ஏறிய பிறகு செலவும் ஏற வேண்டும் அல்லவா? ஏறவில்லை, 1,903 ஆக இன்னும் இறங்கியிருந்தது. அதாவது, அதே எடையும் வயதும் உள்ள ஒருவரின் உடல் எரிக்க வேண்டியதைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாக இவர்களின் உடல் எரித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு மாற்றம் ரத்தத்தில். கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு கண்டுபிடித்தது இது. கையிருப்புக் கொழுப்பு எவ்வளவு என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குத் தெரிவிப்பது இதன் வேலை. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும், மூளை அதைப் பட்டினி என்று எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும். போட்டியாளர்களுக்கு லெப்டின் மில்லிலிட்டருக்கு 41 நானோகிராமிலிருந்து 2.6-க்கு விழுந்திருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் பழைய அளவை எட்டவில்லை.

இந்த ஆய்வு செய்தித்தாள்களில் வந்தபோது 'டயட் இருந்தால் மெட்டபாலிசம் (உடல் கலோரியை எரிக்கும் வேகம்) கெட்டுவிடும்' என்று பலர் முடிவுகட்டினார்கள். அது அவசர முடிவு. செலவு அதிகமாகக் குறைந்தவர்களுக்குத்தான் எடை அதிகமாக ஏறியது என்று தரவு காட்டவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்தும் எடையைக் குறைவாக வைத்திருந்தவர்களிடம்தான் அந்த வேகக்குறைவு அதிகமாக இருந்தது. அப்படியானால் எடையை மேலே இழுப்பதில் பெரிய பங்கு வேறெதற்கோ இருக்க வேண்டும். அது பசி.

பசியை அளப்பது லேசான காரியம் இல்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஹாலின் குழு இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தது. கானாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை தினமும் கொஞ்சம் குளுக்கோஸைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சுமார் 360 கலோரி அப்படியே கழிப்பறைக்குப் போகிறது. போட்டுக்கொண்டவருக்கு அது தெரியாது. 360 கலோரி ஓராண்டுக்குத் தினமும் போனால், காகிதக் கணக்கில் 17 கிலோ குறைய வேண்டும். உண்மையில் மூன்று நான்கு கிலோவோடு நின்றுவிட்டது. ஏனென்றால் அவர்கள் தங்களை அறியாமலே கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடியது, உடலின் செலவோ கிலோவுக்கு 20, 30 கலோரிதான் குறைந்தது. டயட் இருக்கிறோம் என்ற எண்ணமே இல்லாதவர்களிடம் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். மன உறுதிக்கு இங்கே வேலையே இல்லை.

எடை குறைப்புக்காக இப்போது பேசப்படும் செமாக்ளூடைட் ஊசி இந்தப் பசியைத்தான் அடக்குகிறது. அதனால்தான் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கவனித்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஊசி போட நினைப்பவர்கள் மருத்துவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டு போட வேண்டும் என்று கேட்பது நல்லது.

சரி, இதையெல்லாம் வைத்துக்கொண்டு சாப்பாட்டில் என்ன செய்வது? பசி கூடத்தான் போகிறது என்று தெரிந்தபின் அதோடு முட்டி மோதும் திட்டத்தில் அர்த்தமில்லை. ஒரு மாதம் வெறும் கஞ்சி, இரண்டு வாரம் ஜூஸ் என்பவை அந்த ரகம். முதல் வாரம் தராசு மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீரும்போது அதோடு ஒட்டியிருந்த நீரும் போகிறது. குறைவான கலோரியில் வயிறு நிறையும் சாப்பாடுதான் நீண்ட நாள் தாங்கும்.

எந்தச் சாப்பாடு வயிற்றை நிறைக்காமல் கலோரியைக் கூட்டுகிறது என்பதற்கும் ஹாலிடம் ஒரு சோதனை உண்டு. 2019-ல் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைத் தயாரிப்பு உணவுகளும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டு ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாக ஏறினார்கள். மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். பாக்கெட் உணவை அவர்கள் வேகமாகவும் விழுங்கினார்கள்.

நம் தட்டின் பிரச்சினை பாக்கெட் மட்டும் இல்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்தியர்களுக்குக் கிடைக்கும் சக்தியில் 50 முதல் 70 சதவீதம் தானியத்திலிருந்து வருகிறது. 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தட்டில் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும் என்கிறது அது. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு போட்டுக்கொள்ளும் வீட்டில் இதற்குப் புதுச் சமையல் ஏதும் தேவையில்லை. ஒரு முறை சோற்றைக் குறைத்துவிட்டுப் பொரியலையும் கூட்டையும் இரட்டிப்பாக்கினால் போதும். ரசத்தையும் மோரையும் தம்ளரில் குடிக்கலாம். கூடவே முட்டை, மீன், சுண்டல் என்று புரதம் ஏதாவது ஒன்று இருந்தால் பசி அடங்கும், எடை குறையும்போது தசை கரைவதும் மட்டுப்படும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சோற்றைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2010-ல் சிகாகோவில் 10 பேரை வைத்து ஒரு சிறிய சோதனை செய்தார்கள். ஒரே அளவு குறைந்த உணவு. இரண்டு வாரம் படுக்கையில் எட்டரை மணி நேரம், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. மிச்சம் தசை போன்ற கொழுப்பில்லாத திசுவிலிருந்து போனது.

உடற்பயிற்சி எடையைக் குறைப்பதில் கொஞ்சம்தான் உதவும். ஒரு மணி நேரம் நடந்து செலவழித்ததை இரண்டு சமோசாவில் திரும்பப் பெற்றுவிடலாம். குறைத்ததைத் தக்கவைப்பதில்தான் அது முக்கியமாகிறது. அந்த 14 பேரில் எடையைக் காத்துக்கொண்டவர்கள் உடலுழைப்பைப் போட்டிக்கு முன்பிருந்ததைவிட 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள். ஏறவிட்டவர்கள் கூட்டியது 34 சதவீதம்.

அமெரிக்காவில் 1994-ல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் தொடங்கிய பதிவேடு ஒன்று உண்டு. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அப்படியே வைத்திருப்பவர்கள்தான் அதில் சேரலாம். வெற்றி பெற்றவர்கள் தாங்களே சொன்ன தகவல் என்பதால் அதைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். என்றாலும் ஒன்று தெரிகிறது. எடையைக் குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு, காப்பாற்றும் வழிகள் மட்டும் ஒத்துப்போகின்றன. பெரும்பாலோர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுக்கு வேலை கொடுக்கிறார்கள், காலை உணவைத் தவிர்ப்பதில்லை, வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒன்றரை கிலோ கூடத் தெரிந்தால் அதில் உப்பும் தண்ணீருமே அதிகம். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால்தான் கவனிக்க வேண்டும். அப்புறம், இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தவர்களுக்கு அதற்குமேல் எடை திரும்ப ஏறும் வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது என்றும் அந்தப் பதிவேடு காட்டுகிறது.