வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கத்துப் பெயர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

கலிஃபோர்னியாவில் நவம்பர் தேர்தலுக்கு 29 நாட்களுக்கு முன்பே வாக்குச்சீட்டுகள் தபாலில் கிளம்பிவிடும். அதிபர், செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர் வரைக்கும் யாருக்கும் பெரிய குழப்பம் இருப்பதில்லை. பக்கத்தைத் திருப்பினால்தான் சிக்கல். நகர மன்றம், பள்ளி வாரியம், சமுதாயக் கல்லூரி வாரியம், நீர் மாவட்டம் என்று வரிசையாக முன்பின் கேள்விப்படாத பெயர்கள். உள்ளூர்ப் பதவிகளுக்கு இங்கே கட்சிப் பெயரும் போடமாட்டார்கள். பெயருக்குக் கீழே மூன்று சொற்களுக்குள் ஒரு தொழில் குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். பலர் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சிலர் பெயர் எந்த ஊர் மாதிரி இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி வைக்கிறார்கள்.

நான் கணக்காளர். சிறிய உள்ளூர்ப் பிரசாரங்களுக்குப் பொருளாளராக இருந்து கணக்குப் படிவங்களைத் தாக்கல் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் படிவங்களை இவ்வளவு காலம் கையாண்டதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பெயர் தெரியாத ஒரு வேட்பாளரைப் பற்றி அவருடைய இணையதளம் சொல்வதைவிட அவருக்கு யார், எப்போது பணம் கொடுத்தார்கள் என்பது அதிகம் சொல்லும். அது பொது ஆவணம். ஆனால் அதை எடுத்துப் பார்க்கும் வாக்காளர்கள் மிகவும் குறைவு.

முதலில், எங்கே தேடுவது? செய்திகளில் அடிக்கடி அடிபடும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் உங்கள் ஊர் நகர மன்ற வேட்பாளரின் கணக்கு இருக்காது. அங்கே அதிபர், செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களின் கணக்கு மட்டும்தான். (அந்த வேட்பாளர் இதற்கு முன் யாருக்கெல்லாம் நன்கொடை கொடுத்திருக்கிறார் என்று பார்க்க அந்தத் தளம் உதவும். கட்சிப் பெயர் இல்லாத தேர்தலில் அது நல்ல தடயம்.) கலிஃபோர்னியா மாநில அரசின் கால்-ஆக்சஸ் தளத்தில் பெரும்பாலும் மாநிலப் பதவிகளின் கணக்குதான் கிடைக்கும். நகர மன்ற வேட்பாளர் தாக்கல் செய்வது உங்கள் ஊர் சிட்டி கிளார்க் அலுவலகத்தில். பள்ளி வாரியம், கவுன்டி பதவிகள் என்றால் கவுன்டி தேர்தல் அலுவலகத்தில். பல ஊர்கள் நெட்ஃபைல் என்ற நிறுவனத்தின் தளம் வழியாக இவற்றைக் காட்டுகின்றன. ஊர்ப் பெயரோடு 'கேம்பெய்ன் ஸ்டேட்மென்ட்' என்று தேடினால் பெரும்பாலும் வந்துவிடும். 2021 முதல் உள்ளூர் அலுவலகங்கள் இந்தப் படிவங்களைத் தாக்கல் கெடு முடிந்த 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்பது சட்டம்.

மற்ற மாநிலங்களில் வழி வேறு. டெக்சாஸில் நகர வேட்பாளர்கள் சிட்டி செக்ரட்டரியிடமும், பள்ளி வேட்பாளர்கள் பள்ளி மாவட்டத்திடமும் தருகிறார்கள். நியூஜெர்சியில் மாநிலத் தேர்தல் சட்ட அமலாக்க ஆணையமான எலெக் உள்ளூர்க் கணக்குகளையும் வாங்கி வைக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் பப்ளிக் டிஸ்குளோஷர் கமிஷன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. நியூயார்க் நகரத்துக்குத் தனியாகவே ஒரு பிரசார நிதி வாரியம் உண்டு. நான் கலிஃபோர்னியாவில் வேலை பார்ப்பதால் இந்த மாநிலத்தை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்கவில்லையா? நேரே போய்க் கேளுங்கள். 1974-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த அரசியல் சீர்திருத்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. படிவத்தைப் பார்க்க வருபவரிடம் அடையாள அட்டை கேட்கக் கூடாது, எதற்கு என்றும் கேட்கக் கூடாது. நகல் எடுக்கப் பக்கத்துக்குப் பத்து சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. நீங்கள் குடிமகனா, வாக்காளரா என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. நம்மவர்கள் பலர் "நமக்கு ஓட்டே இல்லை, நாம் போய்க் கேட்கலாமா?" என்று தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம்.

சரி, படிவம் கையில் வந்துவிட்டது. அதற்குப் பெயர் படிவம் 460. சில வேட்பாளர்களுக்கு அது இருக்காது. படிவம் 470 என்ற ஒற்றைத் தாள்தான் இருக்கும். 2,000 டாலருக்குள் வரவுசெலவை முடித்துக்கொள்வோம் என்பவர்கள் அதைத் தருவார்கள், அதில் நன்கொடையாளர் பட்டியல் கிடையாது. இதைப் பார்த்ததும் "எதையோ மறைக்கிறார்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அநியாயம். பெரும்பாலும் அவர்கள் கைக்காசைப் போட்டு வீடு வீடாக நடப்பவர்கள்.

460-இல் நேராக அட்டவணை ஏ-வுக்குப் போங்கள். ஒவ்வொரு வரியிலும் பணம் வந்த தேதி, கொடுத்தவர் பெயர், ஊர், அவருடைய தொழில், வேலை கொடுக்கும் நிறுவனம், தொகை, அந்த ஆண்டில் இதுவரை கொடுத்த மொத்தம் ஆகியவை இருக்கும். இணையத்தில் போடும் பிரதியில் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் மறைத்திருப்பார்கள். ஒருவரிடமிருந்து மொத்தம் 100 டாலரோ அதற்கு மேலோ வந்தால்தான் பெயர் வரும். அதற்குக் கீழே கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கடைசியில் ஒரே எண்ணாக இருப்பார்கள். அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மொத்த வரவில் அது பெரிய பங்காக இருந்தால், நிறையப் பேர் சிறு சிறு தொகையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊரில் வேர் உள்ள வேட்பாளரின் படிவம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் தொழில் பத்தி. "சுயதொழில்", "ஆலோசகர்", "ஓய்வு பெற்றவர்" என்று வரிசையாக வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். 100 டாலரோ அதற்கு மேலோ உள்ள நன்கொடைக்குத் தொழிலும் நிறுவனமும் 60 நாட்களுக்குள் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். நன்கொடையாளருக்கு மறுபடி மறுபடி போன் செய்து இந்த விவரத்தை வாங்குவதுதான் பொருளாளர் வேலையில் பாதி. அந்தப் பத்தி அடிக்கடி காலியாக இருந்தால் அந்தப் பிரசாரத்தில் கணக்கில் கவனம் இல்லை. ஊர்ப் பணத்தை நிர்வகிக்க வருகிறவர் தன் கணக்கையே இப்படி வைத்திருக்கிறாரே என்று நான் நிச்சயம் யோசிப்பேன்.

அட்டவணை பி கடன்களுக்கானது. வேட்பாளர் தன் பிரசாரத்துக்குத் தானே கடன் கொடுப்பது சகஜம், சட்டப்படி சரியும்கூட. ஆனால் ஜெயித்த பிறகு வரும் நன்கொடை அந்தக் கடனை அடைக்கப் போகிறது என்றால், அது சுற்றிவந்து அவர் பையிலேயே விழுகிறது. பதவியில் உட்கார்ந்துவிட்டவருக்கு, தேர்தல் முடிந்த பிறகு பணம் கொடுப்பவர் யார் என்பது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் பட்டியலை மட்டும் தனியாகப் படித்தால் அது வெறும் பெயர்களின் குவியல். அதன் பக்கத்தில் நகர மன்றத்தின், திட்டக் குழுவின் கூட்ட நிகழ்ச்சிநிரலை வைத்துப் படிக்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

2024 தேர்தலில் பார்த்த ஒரு படிவத்தைச் சொல்கிறேன். ஊரும் ஆளும் வேண்டாம். முதல் முறையாக நகர மன்றத்துக்கு நின்ற ஒரு பெண்மணி. அவருடைய அட்டவணை ஏ-வில் கோடையில் ஒரே தேதியில் வரிசையாக 250, 250, 250 என்று இருந்தது. தொழில் பத்தியில் கட்டட வடிவமைப்பாளர், சிவில் பொறியாளர், நில விவகார வழக்கறிஞர், ரியல் எஸ்டேட் தரகர். ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை. ஒரே தேதி என்பதில் தப்பு இல்லை. யாராவது வீட்டில் நன்கொடைக் கூட்டம் நடந்தால் அப்படித்தான் வரும். திட்டக் குழுவின் பழைய நிகழ்ச்சிநிரல்களைத் திறந்தேன். ஒரு பழைய வணிக வளாகத்தை இடித்து அடுக்குமாடி வீடு கட்டும் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. விண்ணப்பத்தோடு இணைத்திருந்த வரைபடங்களின் ஓரத்தில் இருந்த நிறுவனங்களின் பெயர்கள்தான் நன்கொடையாளர்களின் 'நிறுவனம்' பத்தியிலும் இருந்தன.

அந்த 250-க்கும் காரணம் உண்டு. லெவின் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பர்மிட், உரிமம் போன்ற முடிவு ஒன்றுக்காகக் காத்திருப்பவரிடமிருந்து முந்தைய 12 மாதங்களில் ஒரு வரம்புக்கு மேல் நன்கொடை வாங்கியிருந்தால், அந்த முடிவில் பதவியாளர் கலந்துகொள்ளக் கூடாது. 2023 முதல் இது நகர மன்ற உறுப்பினர்கள் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பதவியாளர்களுக்கும் பொருந்துகிறது. அப்போது வரம்பு 250 டாலர். 2025 முதல் 500. ஆக, வரம்பைத் தாண்டாமல் சரியாக அதைத் தொட்டு நிற்கும் தொகைகள் வரிசையாக வந்தால், கொடுத்தவர்களுக்குச் சட்டம் தெரியும் என்று புரிந்துகொள்ளலாம். சட்டத்தை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. மீறவில்லை.

வேட்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி நேராகவே கேட்டேன். அன்றே பதில் வந்தது. அந்தக் கூட்டத்தை யார் ஏற்பாடு செய்தார்கள் என்பதைச் சொன்னார், அந்தத் திட்டத்துக்குத் தன் ஆதரவு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். இதைத் தெரிந்துகொண்ட இரண்டு நண்பர்களில் ஒருவர், ஊருக்கு வீடுகள் வேண்டும் என்று அவருக்கே போட்டார். இன்னொருவர் அதே காரணத்துக்காக வேறு ஒருவருக்குப் போட்டார்.

எல்லாப் பட்டியலும் இப்படி வெளிப்படையாக இருக்காது. லாஸ் ஏஞ்சலிஸில் ஸீ பிரீஸ் என்ற 7.2 கோடி டாலர் அடுக்குமாடித் திட்டத்தை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2016-இல் அலசியது. அந்த டெவலப்பரோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புள்ள நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்த வட்டாரத்து அரசியல்வாதிகளுக்குச் சேர்ந்து 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். எளிய வேலை பார்ப்பவர்கள், அவ்வளவு பணம் கொடுக்க வசதி இருப்பதாகத் தெரியாதவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். நிருபர்கள் போய்க் கேட்டபோது சிலர் தாங்கள் கொடுக்கவே இல்லை என்றார்கள். நிருபர்கள் பிடித்துக்கொண்டு போன நூல், பொதுமக்கள் யாரும் பார்க்கக்கூடிய இதே நன்கொடைப் பட்டியல்தான்.

எல்.எல்.சி. என்று முடியும் பெயர் வந்தால் மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிறுவனத் தேடலில் போட்டுப் பாருங்கள், பொறுப்பாளர் பெயரும் முகவரியும் கிடைக்கும். செலவில்லை. தேர்தல் நேரத்தில் தபாலில் வரும் பளபளப்பான அட்டைகளையும் உடனே குப்பையில் போடாதீர்கள். கீழே பொடி எழுத்தில் யார் பணம் என்று இருக்கும். வேட்பாளரின் அனுமதி இல்லாமல் வெளியிட்டது என்ற வரியும் இருந்தால், அது வேறு ஒரு குழுவின் செலவு. வேட்பாளரின் 460-இல் தேடினால் கிடைக்காது. அந்தக் குழுவின் பெயரில் தனியாகத் தேட வேண்டும். அங்கே போனால் அதற்குப் பணம் கொடுத்தது இன்னொரு குழுவாக இருக்கும். விடாமல் பின்தொடர்ந்தால் பெரும்பாலும் ஒரு தொழிற்சங்கத்திலோ, வீட்டுத் தரகர் சங்கத்திலோ, பெரிய நிறுவனத்திலோ போய் நிற்கும்.

பெயர்களில் மட்டும் அவசரம் வேண்டாம். நம் பெயர்களில் இது இன்னும் சிக்கல். ஒரே ஆள் ஒரு வரியில் ராமன் சுப்ரமணியன், அடுத்த படிவத்தில் சுப்ரமணியன் ராமன். அதே பெயரில் அதே ஊரில் நான்கு பேரும் இருப்பார்கள். தொழில், நிறுவனம், ஊர் மூன்றும் ஒத்துப்போகாமல் இவர்தான் அவர் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப் குழுக்களில் போடவே போடாதீர்கள். 150 டாலர் கொடுத்த பள்ளி ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சுற்றுக்கு விட்டு அவரைச் சங்கடப்படுத்துவது பெரிய தப்பு. பட்டியலில் தேட வேண்டியது தனி ஆளை அல்ல, போக்கை.

நம்மவர்கள் நன்கொடை கொடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் வரும் ஆபத்து உண்மையானது. அமெரிக்கத் தேர்தல்களில் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும்தான் பணம் கொடுக்கலாம். ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 விசாவில் இருப்பவர்கள் பள்ளி வாரிய வேட்பாளருக்குப் பத்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. இந்தத் தடை கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது, எந்த ஊர்த் தேர்தலுக்கும் பொருந்தும். நன்கொடை விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைதான். "நம்ம ஊர்க்காரர் நிற்கிறார், ஆளுக்கு நூறு போடுங்கள்" என்று யாராவது கேட்டால், விசாவில் இருப்பவர்கள் மறுத்துவிடுங்கள். நண்பரிடம் காசைக் கொடுத்து அவர் பெயரில் போடச் சொல்வது அதைவிட மோசம். கொடுப்பவர், பெயர் தருபவர் இருவருமே மாட்டிக்கொள்வார்கள். சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய்த் துண்டறிக்கை கொடுப்பதற்குத் தடையில்லை. அதைச் செய்யுங்கள்.

கடைசியாகத் தேதிகள். தேர்தலுக்கு முன் தர வேண்டிய கணக்குகளில் முதலாவது, வாக்களிப்பு நாளுக்கு 40 நாட்களுக்கு முன் வரும். இரண்டாவது 12 நாட்களுக்கு முன் வரும். அதில் 17 நாட்களுக்கு முன்பு வரையிலான வரவுதான் இருக்கும். கடைசி 90 நாட்களில் ஒருவரிடமிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் படிவம் 497 தாக்கல் செய்ய வேண்டும், அதனால் வாக்குப் போடுவதற்கு முன்பு அதையும் ஒரு தடவை பாருங்கள். கடைசி இரண்டு வாரத்தில் 999 டாலர் கொடுத்தவரின் பெயர் ஜனவரி 31 அன்று வரவேண்டிய கணக்கில்தான் தெரியும். அதற்குள் வாக்கு எண்ணி முடிந்திருக்கும், பல ஊர்களில் ஜெயித்தவர் டிசம்பரிலேயே பதவியேற்றிருப்பார். நான் பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் ஊர்க் கிளார்க்கின் பக்கத்தைத் திறந்து அந்தக் கணக்குகளைப் படிப்பேன், அந்த மாத நிகழ்ச்சிநிரலையும் கூடவே வைத்துக்கொண்டு. நீங்களும் உங்கள் ஊருக்கு அதைச் செய்து பாருங்கள்.